எழுந்திருக்காத குழு

ஆனைமறிச்சான்பட்டியில் கடன் கட்டுவதற்காக ஊர் மேல்நிலைத் தண்ணித்தொட்டியடியில் உட்கார்ந்த பெண்கள் எழுந்திருக்க முடியாமல் போன செவ்வாய்க்கிழமை காலையில், பூலுடையார் டவுன் லாரி செட்டில் பழைய டயர் ஏலத்தில் நின்றிருந்தார். கையில் ரொக்கம் இல்லாதவன் ஏலத்தில் நிற்பது கல்யாண வீட்டு வாசலில் நாய் நிற்பது போல என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் நின்றார், நல்ல டயரெல்லாம் வெளியூர் வியாபாரியின் வண்டியில் ஏறிப் போன பிறகு கம்பி தெரியத் தேய்ந்த இரண்டைக் கடன் சொல்லி வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் பேங்கையும், பேங்குக்கு ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்த மச்சான் செல்லையாவையும், செல்லையாவைப் பெற்றவர்களையும் முறை வைத்துத் திட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

அவர் தொழில் டயர் அறுப்பது. லாரி டயரை அறுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினால் மாடு தண்ணி குடிக்கிற தொட்டி, இன்னும் அறுத்தால் கொத்தனார் கைச் சாந்துச் சட்டி, மிச்சம் மீதியில் செருப்பு. சுற்றுவட்டாரத்தில் அவர் தொட்டியில் வாய் வைக்காத மாடு கிடையாது. ஆனால் பேங்கில் இது ஒரு தொழிலாகவே படவில்லை. முதலில் இருந்த மேனேஜர் வீட்டுப் பட்டா கேட்டார். வீடு ஓடைப் புறம்போக்கில் இருந்தது. அவருக்குப் பின் வந்தவர் வருஷக் கணக்குக் கேட்டார். கதிரறுப்புக்குத் தருகிறேன் என்று தொட்டி வாங்கிப் போகிறவன் அறுப்புக்குத் தருவான், அறுப்பு பொய்த்தால் கோழியாகத் தருவான், கோழிக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? இப்போதிருக்கிற மேனேஜர் சிரித்த முகத்தோடு, “கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கிற ஒருத்தர் ஜாமீன் போட்டா போதும் பெரியவரே” என்றார். பூலுடையார் மனைவி உலகம்மாளின் அண்ணன் செல்லையா மின்வாரிய ஆபீசில் இருந்தார். பூலுடையார் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுப் படி ஏறினார்.

“மச்சான், ஒரு கையெழுத்துதான்.”

“கையெழுத்துதான்னு சொல்லாதீரும் மாப்ளே. நான் கையெழுத்துப் போட்டா என் பென்ஷனைத் தூக்கி உம்ம மடியில வச்ச மாதிரி. நாளைக்கு ஊருல மாடே இல்லாமப் போச்சுன்னா தொட்டியை எவன் வாங்குவான்?”

“மாடு இல்லாமப் போனா பால் எங்கேருந்து வரும்?”

“பாக்கெட்டுலதான் வருதே.”

அன்றையிலிருந்து பூலுடையார் அந்த வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. மச்சான் மகள் சடங்குக்கும் போகவில்லை, மனைவியையும் போகவிடவில்லை.

பேங்க் கொடுக்காததைக் கொடுக்க மோட்டார் சைக்கிளில் ஒரு கம்பெனி வந்தது. பட்டா வேண்டாம், கணக்கு வேண்டாம், கவர்மெண்டு ஆளும் வேண்டாம். பெண்கள் மட்டும் குழுவாகச் சேர்ந்து வாரா வாரம் தண்ணித்தொட்டியடி சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார வேண்டும், கையை நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், எல்லாப் பணமும் வந்து சேரும்வரை ஒருத்தியும் எழுந்து போகக் கூடாது. வசூலுக்கு வரும் தினகர் என்ற பையன்—எல்லோரும் அவனை சார் என்றார்கள்—விளக்கமாகவே சொன்னான்: “ஆம்பளைக்குக் கொடுத்தா ஓடிருவான். நீங்க எங்கக்கா போவீங்க? அடுப்பு இருக்கு, பிள்ளை இருக்கு.” பெண்கள் சிரித்தார்கள். கடன் உலகம்மாள் பேரில் வந்தது, டயர் பூலுடையார் பேரில் வந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செண்பகக்கனி வரவில்லை. கருவாட்டுக் கூடை சுமந்து விற்பவள், புருஷன் இல்லாதவள், ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், வீட்டில் பூட்டுத் தொங்கியது. சார் விடவில்லை. வெயில் ஏறியது, அடுப்பில் உலை கிடந்தது, சுற்றின பீடியைக் கட்டுக் கட்டிக் கடையில் போட வேண்டிய நேரம் தாண்டியது. “செண்பகக்கனி பாக்கி வராம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம்னு எல்லாரும் கையை நீட்டிச் சொல்லுங்க” என்றான். அதுவரைக்கும் அந்த உறுதிமொழியை எந்தப் பெண்ணும் மனசு வைத்துச் சொன்னது கிடையாது, ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டும் ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டும்தான் சொல்லுவார்கள். அன்றைக்கு ஓடிப்போனவள் மேல் இருந்த ஆத்திரத்தில், சவத்து மூதி, நாசமாகப் போகிறவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தொட்டி மேலிருந்த காக்காய்கள் எழுந்து பறந்தன. மத்தியானம் சாருக்கே பசி வந்து, போங்க, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொன்னபோது ஒருத்தியாலும் எழ முடியவில்லை.

திரும்ப முடிந்தது, சாய முடிந்தது, படுக்க முடிந்தது. எழ மட்டும் முடியவில்லை, இருந்த இடத்தை விட்டு ஒரு விரல் அகலம் நகரவும் முடியவில்லை. உலகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாளின் புருஷன் அண்ணன் தம்பிகளைக் கூட்டி வந்து அவளைத் தூக்கிப் பார்த்தான், “கிழியுது, விடுங்கடா பாவிகளா” என்று அவள் போட்ட கூச்சலில் விட்டுவிட்டான். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்த்துச் சத்து மாத்திரை கொடுத்தாள். போலீஸ்காரர் வந்து, யார் மேலாவது புகார் உண்டா என்று கேட்டார். செண்பகக்கனி மேல் என்று எல்லோரும் சொன்னார்கள், எழுதிக்கொண்டு போனார். பஞ்சாயத்துத் தலைவர் பந்தல் போட்டு, பந்தல் மேல் தன் படத்தையும் போட்டார்.

பாக்கியைக் கட்டினால் எழுந்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிந்திருக்கும். புருஷன்மார் டீக்கடையில் கூடினார்கள்.

“உம்ம பொண்டாட்டிதான அவளைக் குழுவுல சேத்தா, நீரு கட்டும்.”

“எவன்வே சொன்னது? அவகிட்ட ஓசிக் கருவாடு தின்னது உம்ம வீடு.”

“நான் இந்த வாரம் கட்டுவேன். அடுத்த வாரமும் அவ வரமாட்டா. பிறகு நாந்தான் அவளுக்குப் புருஷனா?”

இதில் அதிகமாகச் சத்தம் போட்டவர் பூலுடையார். தனக்கு ஜாமீன் போட ஒருத்தன் இல்லை, எவளுக்கோ தான் ஜாமீனா என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததால் எல்லோரும் கலைந்து போனார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பாக்கி கூடியது, அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை இன்னும் கூடியது, பிறகு அது ஒருத்தருக்கும் கட்ட மனசு வராத பாக்கியாக ஆகிவிட்டதால் அதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது.

ஊர் பழகிக்கொண்டது. பீடிக்கடைக்காரர் இலையையும் தூளையும் தொட்டியடிக்கே அனுப்பினார். அடுப்பு, தண்ணிக்குடம் என்று எழுந்து ஓடாத பெண்கள் முன்னைவிட அதிகமாகப் பீடி சுற்றினார்கள், இப்படி ஒரு குழு எல்லா ஊரிலும் அமைய வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நேராக அம்மாவின் மடிக்கு வந்தார்கள். மினி பஸ் அங்கே நிற்கத் தொடங்கியது. மறைப்புக்குச் சேலை கட்டினார்கள், மறைப்புக்குள்ளிருந்து வாளி சுமக்கிற வேலை ஆண்களுக்கு வந்தது. வாழ்நாளில் தன் தட்டைக்கூடக் கழுவாதவன் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடைக்கு நடந்தான். பூலுடையார் உலகம்மாளுக்காக டயரை அறுத்து, உள்ளே பழைய டியூபைச் சுருட்டி வைத்து, ஒரு மெத்தை செய்து அவள் மடக்கின காலுக்கு அடியில் செருகினார். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். கையில் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

“என்னை உக்கார வச்சும் யாவாரம் பண்ணிட்டீக” என்றாள் உலகம்மாள்.

“வலிக்கலைல்ல?”

“வலி இங்கன இல்ல.”

அவள் சொன்ன வலி மகள் தங்கபுஷ்பத்தைப் பற்றியது. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். ராஜபாளையத்துச் சம்பந்தியம்மாள் ஃபோனில் சொல்லிவிட்டாள்: “உங்க வீட்டுல எந்திரிச்சு ஒரு வெந்நி வைக்க ஆளு இருந்தா அனுப்புறோம் மதினி. இல்லைன்னா பிள்ளைத்தாச்சியும் தொட்டியடியிலதான் கிடக்கணுமா?” உலகம்மாள் அதற்குப் பிறகு பீடி சுற்றும்போது பேசுவதை விட்டுவிட்டாள், சாயங்காலமானால் மினி பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள், நாள் நெருங்குது என்பாள், மறுபடி இலையை எடுப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கடன்காரக் கம்பெனிகளுக்கு மூக்கில் வியர்த்தது. கடன் வாங்கினவள் ஓட மாட்டாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பச்சைச் சட்டைக்காரன் வந்தான், ஊதாச் சட்டைக்காரன் வந்தான், போன வருஷம் வரை இந்த ஊர்ப் பேரைச் சொன்னால் முகத்தைச் சுளித்தவன் எல்லாம் குடை பிடித்துக்கொண்டு குத்த வைத்துப் பேசினான். எழுந்து நடந்த காலத்தில் எவளுக்கும் கிடைக்காத மரியாதை உட்கார்ந்துபோனவளுக்குக் கிடைத்தது. பேங்க் மேனேஜரும் வந்தார், கூடவே மேலிடத்து அதிகாரி ஒருவர். அதிகாரி உலகம்மாளின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பிறகு மேனேஜரையும் இழுக்கச் சொன்னார், இருவரும் சேர்ந்து இழுத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். பேங்க் ஆள் ஒருவன் சுண்ணாம்பு வாளியோடு வந்து ஒவ்வொரு பெண்ணைச் சுற்றியும் ஒரு கோடு போட்டு, எண் எழுதிவிட்டுப் போனான்.

“பெரியவரே, உங்க கேஸ் முடிஞ்ச மாதிரிதான்” என்றார் மேனேஜர். “பட்டா வேண்டாம். ஜாமீன் வேண்டாம். அம்மா இருக்காங்கல்ல, அது போதும். வெள்ளிக்கிழமை லோன் தாளைக் கொண்டு வர்றேன். நீங்க கேட்டது பூராவும் கிடைக்கும்.”

பூலுடையாருக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. லாரி செட்டில் மலை மாதிரிக் குவிந்த நல்ல டயர்கள் அவர் கண்ணில் தெரிந்தன, வெளியூர் வியாபாரி வாசலில் நிற்பது தெரிந்தது.

உலகம்மாள்தான் கேட்டாள். “நான் எந்திரிச்சுட்டேன்னா?”

மேனேஜர் சிரித்தார். “எந்திரிச்சா எப்படிம்மா? ஈடு இல்லாமப் போயிடுமே.”

அவர்கள் போனதும் அவள் புருஷனைப் பார்த்தாள். “அப்ப இனிமே நான் எந்திரிக்கக் கூடாதுன்னு சாமி கும்பிடுவீக.”

“வாயைக் கழுவு.”

“தண்ணி கொண்டாங்க, கழுவுறேன்.”

செய்தி கேட்டு செல்லையா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தங்கச்சியைப் பார்க்க வந்தார். பூலுடையார் பந்தல்காலில் சாய்ந்து நின்றார், வாங்க என்று சொல்லவில்லை.

“மாப்ளே, கோபத்தை விடும். பேங்க் தாளுல ஜாமீன் இடம் காலியாத்தான் இருக்கும். நானே போடுறேன்.”

“இப்ப என்னத்துக்கு மச்சான்? மாடு வந்துருச்சோ ஊருக்கு?”

“பழசையே பேசிட்டுத் திரியும்.”

“பழசுதான் என்கிட்ட இருக்கு. புதுசை எல்லாம் நீரு கட்டில் பெட்டியில வச்சுப் பூட்டிட்டீரு. பழத்தை எடுத்துட்டுப் போம், இங்க மாடு கட்டலை.”

“அண்ணே” என்று உலகம்மாள் பேச்சுக்கு நடுவில் புகுந்தாள். “ஜாமீன் கிடக்கட்டும். செண்பகக்கனி பாக்கியை நீ கட்டு, நான் எந்திரிச்சுப் போயி என் பிள்ளையைப் பாக்கேன்.”

செல்லையா பழத்தைக் கீழே வைத்துவிட்டு, மினி பஸ் வந்துவிட்டது என்றார். வரவில்லை. ஆனாலும் அவர் வேகமாக நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூலுடையார் லாரி செட்டுக்கு நடந்தார், அன்றைய ஏலச் சரக்கைக் கண்ணால் அளந்துவிட்டு வருவதற்காக. டவுன் பஸ்ஸ்டாண்டின் கழிப்பிடச் சுவர் ஓரமாக ஒரு பெண் தலையில் முக்காடு போட்டு நின்று அவரையே பார்த்தாள். கருவாட்டு வாசனை வந்தது.

“அண்ணாச்சி.”

அவர் நின்றார். செண்பகக்கனி கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். இறால் கம்பெனியில் தோல் உரித்ததாகச் சொன்னாள், பனிக்கட்டியில் கிடந்து கிடந்து விரல் நகம் போயிருந்ததைக் காட்டினாள், பிள்ளைக்குச் சுகமில்லாமல் கூடைக் காசெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் ஓடினேன் என்றாள். எல்லோரும் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“நேர்ல வந்தா என்னைக் கொன்னுருவாக அண்ணாச்சி. மூக்கம்மா மதினி ஒருத்தி போதும்.” இடுப்பிலிருந்து, செவ்வாய்க்கிழமைதோறும் எல்லோர் கண்ணெதிரேயும் அவள் திறந்து மூடுகிற பாசிமணிப் பையை எடுத்தாள். “பூராப் பாக்கியும் இருக்கு. நீங்களே சார்கிட்ட கட்டிருங்க. உங்க காலுல விழுறேன்.”

அந்தப் பை அவர் உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரிச் சூடாக இருந்தது. அவள் பஸ் ஏறிப் போனாள். பூலுடையார் வெகுநேரம் அங்கேயே நின்றார். பேங்க் வராந்தாவில் பெஞ்சில் உட்கார விடாமல் தன்னை நிற்கவைத்த வருஷங்களையெல்லாம் நினைத்தார், ரசீது உண்டா என்று கேட்டவனை நினைத்தார், பாக்கெட்டுலதான் வருதே என்றவனை நினைத்தார். இன்று தாளில் கையெழுத்தாகிவிடட்டும், பணம் கைக்கு வந்துவிடட்டும், செவ்வாய்க்கிழமை சார் வந்ததும் பையைக் கொடுத்துவிட்டால் போகிறது, உட்கார்ந்தது உட்கார்ந்தார்கள், இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமைவரை உட்கார்ந்தால் குடி முழுகியா போகும் என்று நினைத்தார். பையை இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

தொட்டியடிக்கு வந்தபோது மத்தியானம். உலகம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

“ராஜபாளையத்துல இருந்து ஃபோன். காலையிலேயே வலி எடுத்துருச்சாம். அம்மா, அம்மாங்குதாம் என் பிள்ளை.”

பூலுடையார் இடுப்பில் செருகிய பையை வேட்டிக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேனேஜர் ஜீப் தூரத்தில் புழுதி கிளப்பி வருவது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவளுக்கு ஆறுதலாகத்தான், அவள் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணும் ஆகாது. அங்க டாக்டர் இருக்காக.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உலகம்மாள் கையை ஊன்றித் திரும்பினாள், திரும்பினவள் எழுந்து நின்றாள். நின்றது அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. மூக்கம்மாள் அவளை அண்ணாந்து பார்த்து, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தானும் எழுந்தாள். பிறகு வரிசையாக, மடியிலிருந்த பீடித்தூள் கொட்ட, கால் மரத்துப்போய் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி எல்லாப் பெண்களும் எழுந்தார்கள். அவர்கள் காலையிலேயே எழுந்திருக்கலாம், பஸ்ஸ்டாண்டில் பை கைமாறிய நேரத்திலிருந்தே எழுந்திருக்கலாம். முயற்சி செய்து பார்ப்பதை மறந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பூலுடையாரும் எழப் பார்த்தார். முடியவில்லை. தரையில் இரண்டு கையையும் ஊன்றி உன்னினார், வேட்டி நெகிழ்ந்து பாசிமணிப் பை வெளியே வந்து விழுந்தது.

அது யார் பை என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கம்மாள் எடுத்துத் திறந்து பார்த்தாள். “எப்பக் கொடுத்தா?”

“காலையில” என்றார் பூலுடையார். “செவ்வாய்க்கிழமை சார்கிட்ட கொடுக்கத்தான்...”

“காலையிலேயா?” என்றாள் உலகம்மாள். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“எடுத்துக்கோங்க, கட்டிருங்க” என்று அவர் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். மூக்கம்மாள் பையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பை போன பிறகும் அவரால் எழ முடியவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதுவரை நடந்த எதற்கும் அந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்டது கிடையாது.

மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி, காலியான கோடுகளைப் பார்த்து, கையிலிருந்த தாள்கட்டோடு திகைத்து நின்றார். “எந்திரிச்சிட்டீங்களாம்மா? அப்ப ஈடு இல்லையே. லோன் எப்படிக் கொடுக்க?”

உலகம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். ராஜபாளையத்துக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மூக்கம்மாளிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு மேனேஜரிடம் வந்தாள்.

“இவுகளை இழுத்துப் பாருங்க.”

மேனேஜர் பூலுடையாரின் கையைப் பிடித்து இழுத்தார். டிரைவரைக் கூப்பிட்டு இருவருமாக இழுத்தார்கள்.

“இது உறுதிதான்” என்றார் மேனேஜர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “ஆனா யார் பேர்ல போட?”

“உலகம்மாள்னு போடுங்க” என்றாள். எழுதுவதற்கு மேஜை எதுவும் அங்கே இல்லை. அவள் புருஷனின் தலையை ஒரு கையால் கீழே அழுத்தினாள், அவர் குனிந்துகொடுத்தார், தாளை அவர் முதுகில் விரித்து வைத்து, அவசரமில்லாமல், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.